கமலம் பேசிய தமிழ்

இன்று காலை பசுமலைக் கடைத்தெருவில் சீனி வாங்கப் போனேன். கடைக்கார ராவுத்தர் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மற்றவர்களை விலக்கிவிட்டு எனக்கு முதலில் தரப் பார்த்தார். "ஆறுதலாத் தாங்கோ, எனக்கு அவசரமில்லை" என்றேன். தராசைப் பிடித்த கை அப்படியே நின்றது. "என்னங்கய்யா, வீட்ல எதும் துக்கமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுதலாக என்றால் நிதானமாக, மெதுவாக என்று பொருள். இங்கே ஆறுதல் என்பது செத்த வீட்டில் சொல்லும் வார்த்தை. மதுரைக்கு வந்த புதிதில் இந்தச் சொல்லால் பலமுறை அவதிப்பட்டு, பிறகு அதை வாயிலிருந்தே ஒதுக்கி வைத்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்து இன்று ஏன் வந்தது என்று தெரியவில்லை. துக்கம் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சீனியை வாங்கிக்கொண்டு வந்தேன். சொன்னது முழுக்க உண்மையில்லை என்பதால் வழியெல்லாம் மனம் ஒரு மாதிரியாக இருந்தது.

ஊரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர், "கமலம்" நாவலை எப்படி எழுதினீர்கள் என்று ஒரு கட்டுரை கேட்டு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். பதில் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். கேட்பவர்கள் எதிர்பார்ப்பது வேறு. எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள், என்ன நூல்கள் படிக்கிறீர்கள், தமிழ்ப் பற்று எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். அவற்றுக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போலக் கடல் தாண்டி வந்து வேறொரு தமிழுக்குள் குடியிருப்பவர்களுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குப்புராம் என்ற அச்சுக்கோப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்து நான் வந்தபோது என் மனைவி சிவக்கொழுந்து ஊரிலேயே தங்கிவிட்டாள். வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. வீடு சீக்கிரமே கிடைத்தது. முதல் வருஷம் இரண்டு மாதம் வந்திருந்தாள். பிறகு தாய்க்கு உடம்பு சரியில்லை என்று போனாள். அந்த இரண்டு மாதத்தில் நான் எழுதியதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து வாசித்தாள். கையில் அகப்பை, மடியில் என் தாள். ஒருநாள் வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்சருங்கோ, உங்கட கதையில வாற ஆக்கள் ஒருத்தரும் சாப்பிடமாட்டினமே?" நான் எழுதியவை எல்லாம் அப்போது சோகமும் தத்துவமும். அதில் வருபவர்கள் நூறு பக்கம் பேசுவார்கள், ஒரு வாய் சோறு தின்னமாட்டார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை என் கதைகளில் யாராவது பசியாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவளைவிடப் பெரிய விமர்சகர் எனக்குக் கிடைக்கவில்லை.

மறு வருஷம் ஊரிலிருந்து மைத்துனர் கடிதம் போட்டிருந்தார். சிவக்கொழுந்துக்குக் காய்ச்சல், லீவு கிடைத்தால் வரவும் என்று எழுதியிருந்தார். அப்போது மதுரையில் ஒரு மாத இதழில் என் முதல் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அதன் கடைசி அத்தியாயம் பாக்கி. மூன்று நாள் இருந்து அதை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மானாமதுரையில் ரயில் மாறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மதவாச்சியில் மறுபடி ரயில் மாறி வீட்டுப் படலையைத் திறந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் கழிந்து மதுரைக்குத் திரும்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது, அடுப்படியிலிருந்து "வாறன்" என்று அவள் குரல் கேட்கும். இங்கே என்னோடு இருந்த நாட்களில் கதவுச் சத்தம் கேட்டால் அப்படித்தான் சொல்வாள். சொல்லிவிட்டு உடனே வரமாட்டாள். இப்போதும் அதேதான். குரல் வரும், ஆள் வரமாட்டாள். எனக்கு அது பயமாக இல்லை. உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே விறுவிறுவென்று நடந்து வருவேன்.

அந்தக் குரலை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் "கமலம்" தொடங்கினேன். கமலம் என்று பெயர்தான் வேறே தவிர, நடை, கோபம், சிரிப்பு, அரிசி களையும்போது ஒரு காலை மடித்து உட்காரும் விதம், எல்லாம் சிவக்கொழுந்து. முதல் அத்தியாயத்தில் அவள் பேச்சையும் எங்கள் ஊர்ப் பேச்சாகவே எழுதினேன். அதே மாத இதழை நடத்திய அச்சக முதலாளி வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். "ஐயா, இந்தம்மா பேசுறது எனக்கே பாதி வெளங்கல. நம்மூருக்காரன் எப்படிப் படிப்பான்? எல்லாருக்கும் பொதுவா ஒரு தமிழ் இருக்குல்ல, அதுல பேசச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். அப்படி ஒரு தமிழ் எங்கும் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அதுவரை மனிதர்கள் பேசுவதைப் பேசுகிறபடியே நான் எழுதியதில்லை. கமலம் இலக்கண சுத்தமாகப் பேச ஆரம்பித்தாள். "தாங்கள் உணவருந்தினீர்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

இதழ் வந்தது. பிரித்துப் பார்த்தேன். "சாப்டாச்சா, இல்ல எனக்காகக் காத்துக்கெடக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் கமலம்.

முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். இப்படியும் ஒரு பிழை வருமா என்று மேலும் படித்தேன். கதையிலும் வர்ணனையிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கமலம் வாய் திறக்கும் இடங்களில் மட்டும் மதுரைப் பெண் ஒருத்தி பேசினாள். எழுதிய எனக்கே அவள் முகம் தெரிந்தது. அதுதான் கோபத்தை அதிகமாக்கியது. அடுத்த மாதமும் அப்படியே. அதற்குள் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. கமலம் எங்கள் தெருப் பெண் போல இருக்கிறாள் என்று பரவையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். முதலாளி அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக்காட்டி, தான் சொன்னதை நான் கேட்டதால்தான் இப்படி என்று சந்தோஷப்பட்டார். நான் மாற்றி எழுதிக் கொடுத்த தாளை அவர் பார்த்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாராட்டு இனிக்கத்தான் செய்தது.

மூன்றாம் மாதம் ஒரு மாலை வழக்கம்போலக் கதவைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "வாரேன்" என்றது.

உங்களில் பலருக்கு இது அற்பமாகத் தோன்றும். வாறன், வாரேன். ஓர் எழுத்தும் ஒரு கொம்பும்தான் வித்தியாசம். ஆனால் என் மனைவி ஒருநாளும் வாரேன் என்று சொன்னதில்லை. நான் வாசலிலேயே நின்றேன். மறுபடி கதவைச் சாத்தித் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வாரேன். அதற்கடுத்த நாளும் வாரேன். பழைய சொல்லை வலிந்து நினைத்துப் பார்த்தேன். சொல் வந்தது, குரல் வரவில்லை. அவளை இரண்டாவது முறையாகப் பறிகொடுக்கிறேன், இந்தமுறை என் கண்ணெதிரில் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஜட்கா பிடித்துக் கீழமாசி வீதிக்குப் போனேன். அச்சகத்தில் என் கதையைக் கோப்பவர் யார் என்று கேட்டேன். ஜன்னலோரத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவரைக் காட்டினார்கள். என் வயதுதான் இருக்கும். பெயர் குப்புராம், பட்டு நூல்காரர் குடும்பம். வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுபவர்கள்.

"நீர்தானோ என்ர கதையை மாத்துறது?" என்றேன். எங்கள் ஊரில் நீர் என்பது சம வயதினரிடம் மரியாதையாகச் சொல்வது. இங்கே அது மிரட்டல்போல ஒலிக்கும் என்பது கோபத்தில் மறந்துபோயிற்று. குப்புராம் கையிலிருந்த ஈயக் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமாங்கய்யா. அந்தம்மா பேசுற எடத்துல மட்டும்."

"எங்கட ஊர்ப் பெண் எப்பிடிக் கதைப்பாள் எண்டு உமக்கென்ன தெரியும்?"

"தெரியாதுங்க. ஆனா நீங்க எழுதிருந்தது எந்த ஊருப் பொம்பளையும் பேசாததுங்கய்யா."

இன்றைக்கும் அந்த வாக்கியத்தை எண்ணினால் உடம்பு சுடுகிறது. அது உண்மை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் நேரே முதலாளியிடம் போய், என் எழுத்தில் கைவைக்கும் ஆள் இங்கே இருந்தால் நான் எழுதமாட்டேன் என்றேன். அவர் எவ்வளவோ சமாதானம் சொன்னார். நான் இறங்கவில்லை. அன்று பிற்பகலே குப்புராமை அனுப்பிவிட்டார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகையில், "வாரேன்யா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

புதிதாக வந்தவர் நான் எழுதியதை எழுதியபடியே கோத்தார். இரண்டு மாதம் கமலம் என் தமிழைப் பேசினாள். வாசகர்கள் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். இதழ் வந்ததும் பிரித்துப் படிப்பேன். நான் எழுதியதுதான் இருந்தது, ஆனால் உள்ளே யாருமில்லை. வீட்டிலும் அப்படியே. வாரேன் என்ற குரலும் நின்றுபோனது. கதவைத் திறந்தால் வெறும் வீடு. அதற்கு முன் என் வாழ்க்கையில் அப்படியொரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்புராமைத் தேடிக்கொண்டு மஹாலுக்குப் பின்னாலுள்ள சந்துக்குப் போனேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். விசாரித்துக் கண்டுபிடித்த வீட்டில் அவருடைய தாயார் மட்டும் முன்னறையில் இருந்தார். நான் சொன்ன தமிழ் அவருக்கு விளங்கவில்லை, அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. என் வியர்வையைப் பார்த்துவிட்டு "பாணி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பாணி என்றால் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புக் குழம்பு. வெயிலில் வந்தவனுக்குப் பாணி தருகிறாரே என்று வியந்து தலையாட்டினேன். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குப்புராம் வந்தார். கையெல்லாம் சாயம். அண்ணனுடைய தறியில் வேலை செய்துகொண்டிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பாயை விரித்து உட்காரச் சொன்னார்.

"ரெண்டு மாசமும் வாங்கிப் படிச்சேன்ணே" என்றார். வீட்டுக்கு வந்ததாலோ என்னவோ, ஐயா அண்ணனாகிவிட்டது. "நான் மாத்தணும்னு மாத்தல. எழுத்தக் கோக்குறப்ப வாயி தானா முணுமுணுக்கும். சொல்ல வராத எடத்துல கை நின்னுரும். நின்ன எடத்துல வாய்க்கு வந்தத வச்சுருவேன். அம்புட்டுதான். தப்புன்னு தெரியும். ஒரு தடவ வச்சேன், நல்லா இருந்துச்சு, விட முடியல."

"உங்கட வீட்டில தமிழ் பேசுறேல்லை. பிறகு எப்பிடி இவ்வளவு?"

"அதனாலதான்ணே. எனக்குத் தமிழு தெருவுல கெடைச்சது. யாரு எப்படிச் சொல்றாக, எந்த எடத்துல இழுக்குறாகன்னு காதக் குடுத்துக் கேட்டுத்தான் படிச்சேன்."

"உங்கட பாஷையில எப்பவாவது கோத்திருக்கிறியளோ?"

"நான் பாத்த அச்சாபீசு எதுலயும் அதுக்கு எழுத்து இல்லண்ணே." அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. நான் என் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருந்தேன். அதற்குப் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்தது.

கமலம் யார் என்று அவரிடம் சொன்னேன். சாயக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தம்மா எப்படிப் பேசுவாக? நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது, அண்டை வீட்டாரோடு சண்டை போடுவது, கோழியைத் துரத்துவது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில், "அண்ணே, இதுல பாதி எங்கூருப் பேச்சு" என்றார் மெதுவாக. எனக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் குரலாக வாயைத் திறந்தால் குப்புராம் கோத்த வாக்கியங்கள்தான் வந்தன.

"அவுக எழுதின கடுதாசி எதும் இருக்கா?"

அடுத்த ஞாயிறு கட்டோடு கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகப் படித்தார். "இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் தேக சுகத்துக்கு அடிக்கடி எழுதவும்." எல்லாக் கடிதமும் அப்படித்தான். கதையில் ஆட்கள் சாப்பிடுவதில்லை என்று கேட்டவள், பேனாவைப் பிடித்ததும் என்னைப்போலவே பண்டிதராகியிருந்தாள். இருபது கடிதத்தில் அவள் ஓரிடத்திலும் இல்லை. கடைசிக் கடிதம் மைத்துனர் கையெழுத்து. அதன் அடியில், கோணலாக, பென்சிலால் இரண்டு சொல். குப்புராம் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"கெதியா வாங்கோ." நிமிர்ந்தார். "கெதின்னா தலைவிதியாண்ணே?"

"இல்லை. சீக்கிரம். சீக்கிரம் வாங்கோ எண்டு அர்த்தம்."

"அப்ப இதான் அவுக பேச்சு."

ஒருவரிடமும் சொல்லாததை அப்போது அவரிடம் சொன்னேன். அந்தக் கடிதம் வந்த அன்று அந்த இரண்டு சொல்லையும் பார்த்தேன். நிஜமாகவே உடம்புக்கு முடியவில்லை என்றால் "விரைவில் வரவும்" என்றல்லவா எழுதுவாள், வாயால் சொல்வதுபோல விளையாட்டாக எழுதியிருக்கிறாள், அப்படியானால் பெரிய காய்ச்சலாக இராது என்று நினைத்தேன். எழுத்துத் தமிழ்தான் மெய், பேச்சுத் தமிழ் விளையாட்டு என்று நம்பிய ஒரு தமிழ் வாத்தியாரின் கணக்கு அது. சுத்தமாக எழுத அவளுக்குத் தெம்பில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து அத்தியாயத்தை முடித்தேன்.

குப்புராம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லையும் உதட்டசைத்து இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த மூணு நாள்ல எழுதின அத்தியாயம். அது நான் கோத்ததுதானேண்ணே?"

"ஓம்."

"நல்லா இருந்துச்சு" என்றார். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

முதலாளியிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் குப்புராமைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மிச்ச அத்தியாயங்களை நாங்கள் இருவரும் சேர்ந்தே செய்தோம் என்று சொல்லலாம். நான் எழுதிக்கொண்டுபோய்ப் படிப்பேன், அவர் முணுமுணுப்பார், கை நிற்கும் இடத்தைச் சொல்வார். கமலம் மதுரைக்காரியாகவே பேசி முடித்தாள். கடைசி அத்தியாயத்தில், கணவனுக்குச் சொல்லி அனுப்பும் ஓரிடத்தில் மட்டும், "கெதியா வாங்கோ" என்று எழுதினேன். முதலாளி அந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். புத்தகம் வந்தபின் பலர் எழுதினார்கள். கமலம் தன் கெதியை வந்து பார்க்கச் சொல்லிப் புருஷனைக் கூப்பிடுகிறாளே, அந்த இடத்தில் அழுதுவிட்டோம் என்று எழுதினார்கள். ஒருவரையும் நான் திருத்தவில்லை.

எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவே. நான் எழுதுகிறேன், ஒருவர் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். அந்த அச்சகத்தில் குப்புராம் இன்னும் நிற்கிறார். யுத்தம் முடிந்தும் காகிதப் பஞ்சம் தீராததால் வேலை குறைவு. ஆனாலும் என் தாளைக் கண்டால் ஜன்னலோரம் எடுத்துப் போய்விடுவார். அடுப்படிக் குரலும் சில மாலைகளில் திரும்ப வருகிறது. வாரேன் என்றுதான் சொல்கிறது. முன்போல நான் அதோடு மல்லுக்கட்டுவதில்லை.

போன வருஷம் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமியாரைப் பார்க்கப் போனேன். கண் மங்கிவிட்டது. நான் புத்தகம் எழுதியிருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள், வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு பகல் விறாந்தையில் உட்கார்ந்து வாசித்தேன். அவர் சுவரில் சாய்ந்து, விளங்காத சொல்லைக் கேட்டுக் கேட்டு, சிரிக்கும் இடத்தில் சிரித்துக் கேட்டார். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன்.

"கமலம் நல்ல பெட்டை" என்றார். "எந்த ஊர், தம்பி?"

"மதுரைப் பக்கம், மாமி" என்றேன்.

"அதுதான் கதைக்கிறது வேற மாதிரி. தாய் தகப்பன் இருக்கினமே?"

"தாய் இருக்கிறா."

"அப்ப பெட்டையை ஒருக்கா வந்து அந்தத் தாயைப் பாத்திட்டுப் போகச் சொல்லுங்கோவன். எவ்வளவு காலமாக் காத்திருக்குதோ." கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி அத்தியாயத்தை நான் வாசிக்கவில்லை. மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போதும் அது அவர் மடியில்தான் இருந்தது. திருப்பிக் கேட்கவில்லை. கமலத்தை அந்த வீட்டில் விட்டுவிட்டு மதுரைக்கு வந்தேன்.